சுள்ளிப் படப்பு: தோட்டத்து உயிர்கள் ஒதுங்க ஓர் இடம் கட்டுவது எப்படி

மரங்களின் கிளை கழிக்கும் கவ்வாத்து முடிந்ததும் தோட்டத்து மூலையில் கிளைகளைக் குவித்துத் தீ வைப்பதுதான் நம் ஊர் வழக்கம். அரை மணி நேரத்தில் சாம்பலாகும் அந்தக் கிளைகளை முறையாக அடுக்கி வைத்தால் மூன்று நான்கு வருடம் ஓணான், அரணை, தேரை, கீரி, செம்போத்து, தவிட்டுக்குருவி எல்லாம் அதில் புழங்கும். செலவு எதுவும் இல்லை. இரண்டு பேருக்கு ஒரு நாள் வேலை.

ஆனால் கிளைகளைக் கொட்டி வைப்பது வேறு, படப்பு கட்டுவது வேறு. கொட்டி வைத்த குப்பை இரண்டு மழையில் அமுங்கிப் பாயாகிவிடும். உள்ளே நுழைய ஒரு பல்லிக்குக்கூட இடம் இருக்காது. படப்பில் உயிர்கள் தங்குவது கட்டைகளில் அல்ல, கட்டைகளுக்கு நடுவே உள்ள இடுக்குகளில். அடியில் ஒரு முழம் உயரத்துக்கு வெற்றிடம், நடுவில் கை நுழையும் அளவு சந்துகள், மேலே மழையும் வெயிலும் நேரே இறங்காத கூரை. கீழே சொல்லும் ஒவ்வொரு வேலையும் இந்த வெற்றிடத்தைக் காப்பாற்றத்தான்.

முதலில் இடம், அதற்குக் காரணம் பாம்பு

இதைத் தள்ளிப்போடாமல் முதலிலேயே பேசிவிட வேண்டும். எலியும் தவளையும் ஓணானும் இருக்கும் இடத்துக்குப் பாம்பு வரும். வருவதில் பெரும்பாலும் சாரை, கொம்பேறிமூக்கன், பச்சைப்பாம்பு போன்ற நஞ்சில்லாதவை அல்லது மனிதருக்கு ஆபத்தில்லாதவை. ஆனால் நல்லபாம்பு, கண்ணாடி விரியன், கட்டுவிரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கும் தமிழ்நாட்டுச் சமவெளியில் இருப்பவைதான். அவற்றுக்கும் இதே இடம் பிடிக்கும். பாம்பே வராத படப்பு என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

ஆகவே வீடு, மாட்டுத் தொழுவம், கோழிக் கூண்டு, குளியலறை, மோட்டார் கொட்டகை, குழந்தைகள் விளையாடும் இடம் எல்லாவற்றிலிருந்தும் குறைந்தது 60 அடி தள்ளி இருக்க வேண்டும். இரவில் நடக்கும் பாதையை ஒட்டியும் கூடாது. இந்தக் கணக்குக்கு 25 சென்ட்டாவது நிலம் வேண்டும். 25 சென்ட் என்பது ஏறக்குறைய 104 அடிக்கு 104 அடி. ஒரு மூலையில் வீடு இருந்தால் எதிர் மூலையில் படப்பு அமைக்கலாம். ஒரு கிரவுண்டு மனையில் வீடு கட்டிச் சுற்றிப் பத்தடி தோட்டம் வைத்திருப்பவர்கள் இந்த வேலையில் இறங்க வேண்டாம். அவர்களுக்கு வேறு ஒரு வழி கடைசியில் இருக்கிறது.

படப்பைச் சுற்றி ஆறடி அகலத்துக்குப் புல்லை ஒட்ட வெட்டி வெறும் தரையாக வைத்திருங்கள். எது வெளியே வந்தாலும் கண்ணில் படும். கோடையில் தீ பரவாமல் தடுக்கும் பட்டையும் அதுவே. சுற்றுச்சுவரை ஒட்டிக் கட்டினால் பக்கத்து வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. சொல்லாமல் கட்டிய படப்பு பஞ்சாயத்தில் போய் முடியும்.

பாம்பை விட்டால் அடுத்து வெயில், தண்ணீர், காற்று. பெரிய மரத்துக்கோ உயிர்வேலிக்கோ கிழக்குப் பக்கம் அமைந்தால் காலை வெயில் விழும், பிற்பகல் நிழல் கிடைக்கும். ஓணானும் அரணையும் காலையில் உடம்பைச் சூடேற்றிக்கொள்ள வெயில் தேடுபவை. மதிய வெயிலில் உள்ளே பதுங்கக் குளிர்ச்சியான இடமும் அவற்றுக்கு வேண்டும். ஆனால் மரத்தின் அடித்தூரில் சாய்த்துக் கட்டக் கூடாது, எட்டுப் பத்தடி விலகல் வேண்டும். புதிதாக நட்ட தென்னங்கன்று, மாங்கன்று இருந்தால் இன்னும் தள்ளியே இருக்கட்டும். படப்புக்குக் கரையான் கட்டாயம் வரும், இளங்கன்றை அது விட்டுவைக்காது.

உயிர்வேலி இருக்கும் தோட்டத்துக்காரர்கள் பாக்கியசாலிகள். காங்கேயம் பக்கத்துக் கொறங்காடு என்னும் மேய்ச்சல் நிலங்களில் முள்கிளுவை வேலி ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். அப்படியொரு வேலியிலிருந்து பதினைந்து இருபதடிக்குள் படப்பு இருந்தால் குருவியும் கீரியும் திறந்த வெளியைக் கடக்காமலே வந்து போகும். கம்பி வேலியும் வெட்டவெளியுமாக இருக்கும் இடத்தின் நடுவில் எவ்வளவு அழகாகக் கட்டினாலும் ஓணானைத் தவிர வேறெதுவும் எளிதில் எட்டிப் பார்க்காது.

மின்கம்பிக்கு அடியில் கட்டாதீர்கள். வைக்கோல் படப்புக்குப் பக்கத்திலும் வேண்டாம்.

எப்போது கட்டுவது

ஆடி பிற்பகுதியிலிருந்து புரட்டாசி வரை சரியான காலம். ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை இறங்குவதற்குள் கட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று உட்கார்ந்துவிடும். முதல் மழையோடு தேரையும் தவளையும் இடம் தேடும்போது வீடு தயாராக இருக்கும். ஆடிக்காற்று கடுமையாக வீசும் பாலக்காட்டுக் கணவாய் ஓரத்திலும் தேனி, தென்காசிப் பக்கமும் காற்று அடங்கும்வரை பொறுத்து ஆவணியில் கட்டுங்கள். தையில் கவ்வாத்து செய்பவர்கள் அப்போதே கட்டலாம், தவறில்லை. ஆனால் உடனே வரும் கோடையில் படப்பு காய்ந்து கிடக்கும், தீ பயம் அதிகம்.

ஒரு விஷயம் முக்கியம். கிளைகளை வெட்டிய இரண்டு மூன்று நாளுக்குள் கட்டிவிட வேண்டும். "அப்புறம் பார்த்துக்கலாம்" என்று மாதக்கணக்கில் குவித்துப் போட்டால் அந்தக் குவியலுக்குள்ளேயே ஏதாவது குடியேறியிருக்கும். பிறகு அதைக் கையால் கிளறுவது உங்களுக்கும் ஆபத்து, அதற்கும் ஆபத்து. பச்சையாக முளைக்கக்கூடிய கம்புகள் மட்டும் இதற்கு விலக்கு. அவற்றைப் பற்றிப் பிறகு.

என்னென்ன வேண்டும்

இங்கே சொல்வது ஆறடி நீளம், ஐந்தடி அகல அடித்தளம், நெஞ்சளவு உயரம் உள்ள படப்புக்கான கணக்கு. இதைவிடச் சிறிதானால் நடுவில் இருட்டும் குளிர்ச்சியும் நிற்காது. பெரிதாக வேண்டுமென்றால் ஒன்றையே பெருக்காமல் இரண்டாகப் பிரித்துக் கட்டுங்கள்.

அடிக்கட்டைக்கு அரை அடி கனத்தில் ஆறடி நீளக் கட்டை நான்கு. அதன்மேல் குறுக்கே போட நான்கு அங்குல கனத்தில் ஐந்தடிக் கட்டை ஐந்து. மணிக்கட்டுப் பருமனில் ஐந்தாறடி நீளக் கிளைகள் இருபது இருபத்தைந்து, கவட்டை உள்ளவையாக இருந்தால் மிக நல்லது. விரல் பருமனும் அதற்குக் கீழும் உள்ள சுள்ளி, மிலாறு ஏழெட்டுத் தலைச்சுமை. மேலே போடக் காய்ந்த தென்னை மட்டை ஆறு, முள் இரண்டு மூன்று கட்டு. முட்டுக் கொடுக்கத் தலையளவுக் கல் எட்டு. இவற்றோடு உடைந்த நாட்டு ஓடு பத்துப் பதினைந்து, ஓட்டை விழுந்த மண்பானை ஒன்றிரண்டு. பழைய ஓட்டு வீட்டைப் பிரித்த இடத்தில் கேட்டால் ஓடு சும்மாவே கிடைக்கும்.

அடிக்கு எந்த மரம் என்பதில்தான் படப்பின் ஆயுசு இருக்கிறது. வேம்பு, கருவேலம், புளி, வாகை, சீமைக்கருவேலம் ஆகியவற்றின் வைரம் பாய்ந்த கட்டைகள் தாங்கும். முருங்கை, கல்யாண முருங்கை, இலவு, பப்பாளி எல்லாம் ஒரு மழைக்காலத்திலேயே நொந்துபோகும், அவற்றை நடுவிலும் மேலும் போடலாம். அடியில் போட்டால் மொத்தமும் சரிந்து உட்கார்ந்துவிடும். இதில் ஒரு சிக்கலும் உண்டு. நல்ல கட்டை என்றால் நல்ல விறகு. வேலியில்லாத தோட்டத்தில் கருவேலங்கட்டையை அடியில் போட்டால் ஒரு நாள் படப்பு மட்டும் தரையில் கிடக்கும், கட்டை யார் வீட்டு அடுப்பிலோ எரியும். கோணல்மாணலான, முண்டும் முடிச்சுமான, கோடாலிக்குப் பிளக்காத கட்டையைத் தேர்ந்தெடுங்கள். படப்புக்கும் அதுதான் நல்லது, கோணல் கட்டைக்கு நடுவே சந்து தானாக விழும்.

போடக் கூடாதவை

தென்னந்தண்டு கூடாது. மக்கும் தென்னங்கட்டையிலும் எருக்குழியிலும்தான் காண்டாமிருக வண்டு முட்டையிட்டுப் புழு வளர்க்கிறது. வளர்ந்த வண்டு நேரே உங்கள் தென்னையின் குருத்தைத் துளைக்கும், விரியும் ஓலை கத்தரியால் வெட்டியது போல வரும். காய்ந்த மட்டையும் ஓலையும் தவறில்லை. தண்டும் அடித்தூரும்தான் கூடாது. பனந்தண்டுக்கும் இதே விதி. வாழைத்தண்டு நீர் கோத்து அழுகும், கூன்வண்டையும் கூட்டி வரும்.

மாமரத்தில் தண்டு துளைப்பான் விழுந்த கிளைகளைப் படப்பில் சேர்க்காதீர்கள். பட்டையில் துளையும் அதன் வாயில் மரத்தூளும் தெரிந்தால் அந்தக் கிளைக்குள் புழு இருக்கிறது. பிளந்து அழிக்க வேண்டும். மாவுப்பூச்சி அப்பிய பப்பாளி, மரவள்ளித் தண்டும் அப்படியே.

உன்னிச்செடி மண்ணில் பட்ட இடத்தில் வேர் விடும், பழத்தைக் குருவி தின்று தோட்டம் முழுக்க விதைக்கும். சீமைக்கருவேலம் வெட்டிக் காய்ந்த கட்டையாக இருந்தால் முளைக்காது, நெற்றுதான் வம்பு. கிளையை நன்றாக உதறி நெற்றைப் பொறுக்கி எடுத்துவிடுங்கள். ஆடு நெற்றைத் தின்று போகும் இடமெல்லாம் கன்று முளைக்கும்.

பெயின்ட், வார்னிஷ் அடித்த பலகை, பிளைவுட், அண்மையில் பூச்சிமருந்து தெளித்த கிளை, சமையலறைக் கழிவு, இவை எதுவும் வேண்டாம். நைலான் வலை, பிளாஸ்டிக் கயிறு, சாக்கு நூல் ஆகியவற்றைத் துண்டுகூட விடாமல் பொறுக்கி எடுங்கள். பாம்பும் ஓணானும் வலையில் சிக்கினால் பின்வாங்கத் தெரியாமல் முன்னே முன்னே போய் இறுகிச் சாகும். மழைக்கு மறைப்பாக பிளெக்ஸ் பேனரை மேலே விரிப்பவர்கள் இருக்கிறார்கள். அதற்குக் கீழே சித்திரை வெயிலில் எதுவும் தங்காது. தேர்தல் முடிந்த கையோடு பேனர் மலிவாகக் கிடைக்கிறது என்பதற்காக அதைப் படப்பின் தலையில் கட்ட வேண்டியதில்லை. தேங்காய்த் தொட்டி, பாளை, குரும்பை ஓடு போன்ற தண்ணீர் தேங்கும் எதுவும் சேரக் கூடாது, கொசு பெருகும்.

கட்டும் முறை

கையில் தோலுறை, காலில் தடித்த அடி உள்ள பூட்ஸ் இல்லாமல் தொடங்காதீர்கள். கருவேல முள் ரப்பர் செருப்பை ஊடுருவிக் காலில் ஏறும். டெட்டனஸ் தடுப்பூசி போட்டு நாளாகியிருந்தால் இந்த வேலைக்கு முன் போட்டுக்கொள்வது புத்திசாலித்தனம். அரிவாள், கைரம்பம், துறட்டி, கடப்பாரை போதும்.

இடத்தைச் சுத்தம் செய்து ஆறுக்கு ஐந்து என்று குறித்துக்கொள்ளுங்கள். மண்ணைப் பொறுத்து இங்கே வேலை மாறும். செம்மண், மணல் கலந்த மண் என்றால் நடுவில் மூன்றடி நீளம், இரண்டடி அகலம், ஓரடி ஆழத்துக்கு ஒரு குழி எடுத்துக் கல்லும் மணலுமாகத் தளர்வாக நிரப்புங்கள். கோடையில் தேரை அதற்குள் இறங்கி ஈரம் தேடிக்கொள்ளும். கரிசல் மண்ணில் குழி எடுக்கவே கூடாது. தண்ணீர் வடியாமல் நின்று கிணறு போலாகிவிடும். அங்கே மாறாக அரை அடி உயரத்துக்குக் கல்லும் உடைந்த செங்கல்லும் போட்டு மேடாக்கிவிட்டு அதன்மேல் கட்ட வேண்டும்.

எட்டுக் கற்களை ஒவ்வொரு அடிக்கட்டைக்கும் முனைக்கு ஒன்றாக வைத்து, ஆறடிக் கட்டைகள் நான்கையும் அவற்றின்மேல் நீளவாக்கில் கிடத்துங்கள். பச்சை வேப்பங்கட்டை ஒன்று முப்பது கிலோவரை வரும், ஒருவர் தூக்கி இடுப்பைப் பிடித்துக்கொள்ள வேண்டாம். கட்டைக்குக் கட்டை ஓரடி இடைவெளி. இப்போது மூன்று சுரங்கப்பாதைகள் கிடைத்துவிட்டன. கட்டை மண்ணைத் தொடாமல் கல்லின்மேல் உட்கார்ந்தால் அடி சீக்கிரம் மக்காது. கரையான் கல்லின்மேல் மண்கூடு கட்டி ஏறத்தான் செய்யும், ஆனால் ஏறுவதற்கு நாளாகும்.

இதன்மேல் ஐந்தடிக் கட்டைகள் ஐந்தையும் குறுக்கே, அதே ஓரடி இடைவெளியில் போடுங்கள். ஆடாமல் இருக்கிறதா என்று காலால் அழுத்திப் பாருங்கள். ஆடினால் சிறு கல்லை ஆப்பாகச் செருகுங்கள். கயிறோ ஆணியோ தேவையில்லை. தரையிலிருந்து இந்த அடுக்கின் தலைவரை ஏறக்குறைய ஒரு முழம் வெற்றிடம் நிற்கும்.

மூடுவதற்கு முன் ஓடுகளையும் பானையையும் வையுங்கள். நாட்டு ஓடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக, நடுவே விரல் கன இடைவெளி விழும்படி குச்சி கொடுத்து அடுக்கினால் அரணைக்கும் பல்லிக்கும் அதைவிட நல்ல இடம் கிடையாது. பானையைப் பாதி புதைத்து வாயைக் கீழ்நோக்கிச் சாய்த்து வையுங்கள். நிமிர்த்தி வைத்தால் தண்ணீர் நின்று கொசுத்தொட்டியாகும்.

அடுத்து மணிக்கட்டுப் பருமன் கிளைகள். அடிப்பகுதியைக் கட்டைச் சட்டத்துக்குள் செருகி நுனியை வெளியே நீட்டி, நாலா பக்கமும் சுற்றி வாருங்கள். இரண்டாவது சுற்றில் நுனிகள் உள்ளே, அடி வெளியே. இப்படி மாற்றி மாற்றிப் போகும்போது கவட்டைகள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். எல்லாக் கிளைகளையும் ஒரே திசையில் அடுக்கினால் அது விறகுக்கட்டு போல இறுகிவிடும், நடுவே சந்து இருக்காது. தரை மட்டத்தில் நான்கைந்து இடத்தில் சாண் அகல வாசல் விட்டுக்கொண்டே வாருங்கள். ஒரே வாசல் இருந்தால் துரத்திக்கொண்டு ஒன்று உள்ளே நுழையும்போது உள்ளே இருப்பது தப்ப வழியில்லாமல் மாட்டிக்கொள்ளும்.

பிறகு சுள்ளி. தலைச்சுமையை அவிழ்த்து உதறிப் போடுங்கள், கட்டோடு போடாதீர்கள். மேலே ஏறி மிதிக்கவே கூடாது. "கொஞ்சம் அமுக்கிவிட்டால் நிறையப் பிடிக்குமே" என்று வேலைக்கு வந்தவர் ஏறி மிதிப்பது வழக்கமாக நடப்பது. முன்னமே சொல்லி வையுங்கள். பச்சை இலை அதிகம் உள்ள கிளையை உதறி இலையைக் குறைத்துவிட்டுப் போடுங்கள். இலை மொத்தமாக நடுவில் சேர்ந்தால் சூடேறிப் புளித்து மக்கி அடைத்துக்கொள்ளும். உதிர்ந்த இலையைப் படப்பின் வடக்கு ஓரத்தில் ஒரு சாண் கனத்துக்குப் பரப்பி வைத்தால் மரவட்டையும் மண்புழுவும் அங்கே பெருகும். தவிட்டுக்குருவிக் கூட்டம் அதைக் கிளறத்தான் தினமும் வரும்.

நெஞ்சளவு வந்ததும் தென்னை மட்டைகளை மேற்குப் பக்கமும் உச்சியிலும் கூரை வேய்வது போலச் சரிவாகப் போடுங்கள். கிழக்குப் பக்கம் திறந்திருக்கட்டும். அதன்மேல் முள். பூனையும் நாயும் மேலே ஏறிக் கிளறாமலிருக்கவும், ஆடு வாய் வைக்காமலிருக்கவும் முள்தான் காவல். காற்று பலமான ஊரில் முள்ளின்மேல் கனமான இரண்டு நீளக் கிளைகளைக் குறுக்காகக் கிடத்துங்கள். கடைசியாக நான்கைந்து நீளக் குச்சிகளை உச்சியிலிருந்து இரண்டடி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி செருகுங்கள். கரிச்சானும் கருஞ்சிட்டும் உட்கார்ந்து பூச்சி பார்க்க அது வேண்டும்.

கட்டி முடித்த அன்றே ஒரு சோதனை. மாலை மங்கியதும் ஒருவர் ஒரு வாசலில் டார்ச் அடிக்க, மற்றவர் எதிர்ப்பக்கம் குனிந்து பார்க்கட்டும். அடிமட்டத்தில் வெளிச்சம் கீற்றாகத் தெரிந்தால் படப்பு சரியாக அமைந்திருக்கிறது. தெரியவில்லையென்றால் சுள்ளி அடிவரை இறங்கிவிட்டது. அன்றே பிரித்து, நடு அடுக்கில் பருமனான கிளைகளை இன்னும் சேர்த்துக் கட்டுங்கள். ஒரு வாரம் கழித்துப் பிரிக்கக் கூடாது.

கொடியும் தண்ணீரும்

படப்பின் இரண்டு ஓரங்களில் கோவை ஏறட்டும். ஒரு பருவத்தில் பந்தல் போல மூடிவிடும். சிவந்த பழத்துக்குக் கொண்டைக்குருவியும் குயிலும் வரும். பிரண்டையை ஒரு துண்டு ஒடித்து வைத்தாலே போதும், எந்தக் கோடைக்கும் சாகாது. சங்குப்பூ, முடக்கத்தான், தூதுவளையும் நல்லவை. கொடி முழுவதும் மூடிக் கிழக்குப் பக்க வெயிலை அடைத்தால் மட்டும் அறுத்துவிடுங்கள்.

தண்ணீருக்கு அகலமான மண்சட்டி, இரண்டு விரல் ஆழம், நடுவில் ஒரு கல். படப்பிலிருந்து ஏழெட்டடி தள்ளி வையுங்கள். ஒட்டி வைத்தால் பூனை உள்ளே பதுங்கி, குடிக்க வரும் குருவியைப் பிடிக்கும். இரண்டு நாளுக்கொரு முறை கவிழ்த்துத் தேய்த்து நிரப்பினால் கொசுப்புழு வளர நேரமிருக்காது.

யார் வருவார்கள்

ஓணானும் அரணையும் முதல் வாரங்களிலேயே வந்துவிடும். மழை தொடங்கியதும் தேரை. புதுமழையில் ஈசல் கிளம்பும் மாலையில் படப்பைச் சுற்றி இருக்கும் கூட்டத்தைத் தள்ளி நின்று பாருங்கள். தேரை வாயைத் திறந்தபடி தரையில், ஓணான் குச்சியில், கரிச்சான் காற்றில் என்று ஒரே பந்தி நடக்கும். கரையானைப் பற்றிய பயத்தை அப்போது கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம். படப்புக்குள் இருக்கும் கரையான் அங்கே வருபவற்றின் முதல் தீனி.

செம்போத்து வந்தால் நத்தைக்கு ஆபத்து. ராட்சத ஆப்பிரிக்க நத்தை புகுந்த தோட்டங்களில் அதை உடைத்துத் தின்னும் பறவைகளில் செம்போத்தும் ஒன்று. காய்ந்த கட்டையில் வட்டத் துளை தெரிந்தால் அது கருவண்டு என்று ஊரில் சொல்லும் தச்சுத் தேனீயின் வேலையாக இருக்கும், துவரைப் பூவில் மகரந்தம் சேர்ப்பவற்றில் அதுவும் ஒன்று. திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்து வறண்ட நிலங்களில் முள்ளெலி ஒதுங்கவும் வாய்ப்பு உண்டு. தென்னிந்தியாவில் மட்டுமே வாழும் இனம் அது, இரவில் பூச்சி தின்னும். மருந்துக்கென்று முள்ளுக்காகப் பிடிப்பவர்கள் உண்டு. உங்கள் படப்பில் இருந்தால் ஊருக்குச் சொல்லிக்கொண்டு திரியாதீர்கள். உடும்பும் கீரியும்கூட 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தில் வருபவை. பிடிப்பதும் அடிப்பதும் குற்றம்.

எங்கே கெடும்

எலி, பெருச்சாளி பெருகிவிட்டது என்றால் காரணம் படப்பு மட்டுமாக இருக்காது, பக்கத்தில் தீனி இருக்கும். கோழித்தீவனம் சிந்துவது, மூடாத தானிய மூட்டை, எச்சில் இலை, இவற்றை நிறுத்துங்கள். எலிமருந்து மட்டும் வைக்காதீர்கள். மருந்து தின்று தள்ளாடும் எலியைத் தின்ற ஆந்தையும் கீரியும் சேர்ந்து சாகும், அடுத்த பருவம் எலிக்குப் பகையே இருக்காது.

படப்பு முளைத்துவிடுவது மழைக்காலத்து வேடிக்கை. பூவரசு, கிளுவை, கல்யாண முருங்கை, கிளைரிசிடியா கம்புகள் பச்சையாக மண்ணைத் தொட்டால் துளிர்த்து வேர் விட்டுவிடும். வேண்டாமென்றால் மூன்று நான்கு வாரம் மொட்டை மாடியிலோ பாறையிலோ தனித்தனியாகப் பரப்பிக் காயப்போட்டு, மேல் அடுக்கில் மட்டும் போடுங்கள். வேண்டுமென்றால் இதையே வசதியாக்கிக்கொள்ளலாம். நான்கு மூலையிலும் கிளுவைப் போத்து ஊன்றிவிட்டால் படப்பு சரியாமல் நிற்க உயிருள்ள தூண் கிடைத்துவிடும்.

தீதான் கடைசிப் பயம். தெரியாதவர் கண்ணுக்குப் படப்பு எரிக்க வேண்டிய குப்பையாகத்தான் தெரியும். போகியன்று புதிதாக வேலைக்கு வந்தவர் நல்லெண்ணத்தோடு பற்றவைத்துவிடலாம். சுற்றிலும் கல் பதித்து, "எரிக்காதீர்கள், உயிர்கள் உள்ளன" என்று ஒரு பலகை நட்டுவிட்டால் அந்தக் கவலை தீரும். மாசி பிறந்ததும் சுற்றுப்பட்டையில் புல் இல்லாமல் சுரண்டிவிடுங்கள்.

கையைப் பற்றி ஒரு விதி. கட்டி முடித்த நாளுக்குப் பிறகு படப்புக்குள் எதற்காகவும் கையை விடக் கூடாது. பந்து போனால் போனதுதான். இரவில் அந்தப் பக்கம் போவதானால் டார்ச்சும் பூட்ஸும் வேண்டும். பாம்பு கடித்துவிட்டால் இறுக்கிக் கட்டுவது, கீறுவது, வாயால் உறிஞ்சுவது எதுவும் செய்யாதீர்கள். கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் வைத்து 108-ஐ அழைத்து நஞ்சுமுறி மருந்து உள்ள மருத்துவமனைக்குப் போங்கள். கட்டுவிரியன் கடித்தால் வலியோ வீக்கமோ பெரிதாகத் தெரியாமல் போகலாம். வலி இல்லை என்று வீட்டில் உட்கார்ந்துவிடக் கூடாது.

சின்ன இடத்துக்கு

ஒரு கிரவுண்டு வீட்டுக்காரர்கள் மணிக்கட்டைவிடக் கொஞ்சம் பருமனான காய்ந்த வேப்பங்கட்டை இரண்டு மூன்றை நான்கடி உயரத்துக்கு நிமிர்த்தி ஒன்றரை அடி ஆழத்தில் ஊன்றுங்கள். கிழக்கு பார்த்த பக்கத்தில் 6 முதல் 10 மில்லிமீட்டர் வரை வெவ்வேறு அளவில் துளைகள், இரண்டு அங்குலமாவது ஆழத்துக்கு, மறுபக்கம் வெளியேறாமல் லேசாக மேல்நோக்கிப் போடுங்கள். துளை வாயைச் சிராய் இல்லாமல் தேய்த்துவிடுங்கள். இலைவெட்டும் தேனீயும் வேட்டைக்குளவியும் அதில் கூடு வைக்கும். ஒரு கட்டையில் சங்குப்பூ ஏறட்டும். தரையில் எதையும் குவிக்காததால் பாம்புக்கு ஒதுங்க இடமில்லை.

வருடா வருடம்

முதல் வருடத்தில் உயரம் மூன்றில் ஒரு பங்கு குறையும். அது இயல்பு. ஒவ்வொரு ஆடி, ஆவணியிலும் புதிய கவ்வாத்துக் கிளைகளை மேலே வையுங்கள். முதலில் பருமனானவை, அப்புறம் சுள்ளி, மறுபடி முள். அடியைத் தொட வேண்டாம். நடுவில் கூடு தெரிந்தால் அந்தப் பக்கத்தை விட்டுவிட்டு மறுபக்கம் சேர்த்தால் போதும்.

மூன்று நான்கு வருடத்தில் அடிக்கட்டை நொந்து படப்பு இடுப்பளவுக்குக் கீழே போகும்போது அதைப் பிரித்துப் புதுப்பிக்க முயல வேண்டாம். பத்துப் பதினைந்தடி தள்ளி இன்னொன்றைக் கட்டுங்கள். பழையதில் இருப்பவை தாமாக இடம் மாறும். வீடு கட்டவோ கிணறு வெட்டவோ இடத்தைக் காலி செய்தே ஆக வேண்டும் என்றால், குருவிகள் அதிகம் கூடு வைக்கும் பங்குனி முதல் ஆவணி வரையான மாதங்களைத் தவிர்த்து, ஒரு காலை வேளையில் துறட்டியால் உச்சியிலிருந்து அடுக்கடுக்காக இழுங்கள். ஒரு நாளைக்கு மூன்றில் ஒரு பங்கு போதும். இழுத்த சுள்ளியை மறுநாள் காலை வரை அப்படியே பரப்பி விட்டு வைத்தால் அதிலிருப்பவை இரவில் வெளியேறிவிடும். அடியில் மிஞ்சும் கருப்பான மக்கைச் சலித்து, வெள்ளையாகச் சுருண்டு கிடக்கும் தடித்த வண்டுப்புழு இருந்தால் பொறுக்கிக் கோழிக்குப் போட்டுவிட்டு, மக்கைக் கொய்யாவுக்கும் எலுமிச்சைக்கும் தூரில் போடலாம்.